பதினேழு மேப்பிள் கன்றுகளும் ஒரு பெயர்ப்பலகையும்

ஒரு மரத்துக்கு என்ன பெயர் என்று முடிவுசெய்ய ஐந்து கூட்டம் போட்டவர்கள், அந்த மரத்துக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்று கேட்க அரைக் கூட்டம்கூடப் போடவில்லை. ஜப்பானிய மலையூரான கமிசவாவின் மேட்டுத்தெருச் சங்கத்தின் பெருமையைச் சொல்ல இந்த ஒரு வரி போதும். ஆனாலும் எதையும் முதலிலிருந்து வரிசையாகச் சொல்வதுதான் முறை.

ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி கினுயோ தன் கையால் வளர்த்த பதினேழு மேப்பிள் கன்றுகளைச் சங்கத்துக்குக் கொடுத்தாள். முப்பத்தொரு வருஷம் தபால் நிலையத்தில் கடிதம் பிரித்தவள் அவள். அந்தத் தபால் நிலைய முற்றத்தில் ஒரு பெரிய மேப்பிள் நின்றது. அவள் ஓய்வுபெற்ற வருஷம், கார் நிறுத்த இடம் போதவில்லை என்று அதை வெட்டிப்போட்டார்கள். வெட்டுவதற்கு முந்தைய இலையுதிர் காலத்தில், சிறகு வைத்த அதன் விதைகளை ஒரு பழைய தபால் உறையில் அவள் பொறுக்கி வைத்திருந்தாள். ஈர மணலில் ஒரு குளிர்காலம் போட்டு முளைக்க வைத்து, மூன்று வருஷம் வளர்த்து, தொடை உயரம் வந்தபிறகு கொடுத்த கன்றுகள் அவை. அந்த மரத்தின் வம்சத்தில் இந்தப் பதினேழைத் தவிர உலகத்தில் வேறு மிச்சமில்லை. பாலத்திலிருந்து கோயிலுக்கு ஏறும் சரிவின் இரண்டு பக்கமும் நடவேண்டும் என்பது அவள் ஆசை. சங்கமும் ஒப்புக்கொண்டது. சங்கம் எதற்கும் உடனே ஒப்புக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் வேலையை ஆரம்பிக்கும்.

முதலில் பெயர்ப்பலகை, அப்புறம்தான் குழி என்றார் தலைவர் தொகுரா. நடுநிலைப் பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்து, துணைத் தலைமையாசிரியராக ஓய்வுபெற்றவர். எழுபத்தொரு வயதிலும் ஊர் முழுக்க அவரை வாத்தியார் என்றே கூப்பிட்டது. அதனால் ஊர் முழுக்கத் தன் வகுப்பு என்றே அவரும் நினைத்துக்கொண்டிருந்தார்.

பலகையில் என்ன எழுதுவது? 'மொமிஜிச் சாலை' என்றார் ஹொசாக்கா. பாலத்தடியில் பயறு இனிப்புக் கடை வைத்திருப்பவர். 'கயேதேச் சாலை' என்றார் தொகுரா. இரண்டும் ஒரே மரம்தான்.

"மொமிஜிங்கறது நிறத்தோட பேரு. இலை சிவந்தா எல்லாமே மொமிஜிதான். மரத்துக்குப் பேரு கயேதே. தவளைக் கைங்கற பழைய வார்த்தையிலேருந்து வந்தது," என்று தொகுரா விளக்கினார்.

"ஊரு உலகமே மொமிஜி பாக்கத்தான் பஸ் ஏறி வருது. தவளைக் கையைப் பாக்க எவன் வருவான், வாத்தியாரே?" என்று கேட்டார் ஹொசாக்கா. மொமிஜி வடிவத்தில் ஒரு புதுப் பலகாரம் போட அவர் அச்சுகூடச் செய்து வைத்திருந்தார்.

ஒவ்வொரு கூட்டத்துக்கும் தொகுரா ஒரு கன்றிலிருந்து ஓர் இலையைப் பறித்துக்கொண்டு வருவார். அதன் ஏழு விரலையும் குழந்தைகள் எழுத்து சொல்வது போல 'இ, ரோ, ஹா, நி, ஹோ, ஹே, தோ' என்று எண்ணிக் காட்டுவார். ஏழு வந்ததும் ஏதோ நிரூபித்துவிட்டவர்போல உட்கார்ந்துகொள்வார். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை சங்கத்தில் அந்தக் கன்றுகளை யாராவது தொட்டார்கள் என்றால் அது இதற்காக மட்டும்தான்.

ஜூன் வரை கினுயோவே வந்து தண்ணீர் ஊற்றினாள். அதன்பிறகு அவள் ஊரில் இல்லை. முழங்கால் அறுவைச் சிகிச்சைக்காக ஜூன் நடுவில் நகரத்துக்குப் போனவள், தங்கை வீட்டில் தங்கிவிட்டு ஆகஸ்ட் இருபத்தெட்டாம் தேதிதான் திரும்பினாள். போகும்போது தொகுராவிடம் ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தாள்: தண்ணீரை மட்டும் மறந்துவிடாதீர்கள். அவர் மறக்கவில்லை. அதை நடவடிக்கைக் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். எழுதியதோடு கடமை முடிந்தது.

கன்றுகள் சங்கக் கட்டடத்தின் பின்புறம், மேற்கு வெயில் விழும் சிமென்ட் தரையில், ஏப்ரலில் இறக்கிவைத்த இடத்திலேயே நின்றன. இலைகள் ஓரம் கருகிச் சுருண்டிருந்தன. மண் காய்ந்து சுருங்கித் தொட்டிச் சுவரைவிட்டு விரல் நுழையும் அளவுக்கு விலகியிருந்தது. கினுயோ ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கீழே உட்கார்ந்தாள். அந்தக் காலை வைத்துக்கொண்டு எப்படி எழுந்திருப்பது என்று யோசிக்காமலே உட்கார்ந்துவிட்டாள்.

ஹொசாக்கா அந்தப் பக்கமாக ஸ்கூட்டரில் வந்தவர் வண்டியை நிறுத்தினார்.

"அக்கா, வந்துட்டீங்களா? கால் எப்படி இருக்கு?"

"கால் கெடக்கட்டும். இது என்ன?"

"மொமிஜி."

"நான் பேரைக் கேக்கல."

ஹொசாக்கா பதில் சொல்வதற்குள் கட்டடத்துக்குள்ளிருந்து தொகுரா வெளியே வந்தார். ஆறாவது கூட்டத்துக்கு நாற்காலி போட வந்திருந்தார்.

"வருத்தமா இருக்கும்மா. இந்த வருஷ வெயில் அப்படி. கயேதே கொஞ்சம் பூஞ்சையான ஜாதி. எல்லாம் போயிடுச்சு."

கினுயோ ஒரு கன்றின் தண்டை நகத்தால் மெல்லக் கீறினாள். காய்ந்த தோலுக்கு அடியில் பச்சை தெரிந்தது. அடுத்ததைக் கீறினாள். பச்சை. பதினேழையும் கீறி முடித்தாள். சிலவற்றில் நுனிக்கிளை செத்திருந்தது. தண்டு ஒன்றுகூடச் சாகவில்லை.

"முப்பது வருஷம் அறிவியல் சொல்லிக்குடுத்தீங்களே வாத்தியாரே, செத்ததா உசிரோட இருக்கான்னு பாக்க ஒரு நகம் போதும். உங்களுக்குப் பத்து இருக்கு."

தொகுராவின் முகம் சிவந்தது. "அப்படின்னா உடனே உரம் போட்டுடலாம். என்கிட்ட நல்ல உரம்..."

"காய்ச்சல்ல கிடக்கிறவனை எழுப்பி உக்காரவச்சு விருந்து போடுவீங்களா? உங்க உரம் உங்ககிட்டயே இருக்கட்டும்."

அவள் ஹொசாக்காவின் கைவண்டியைக் கேட்டு வாங்கிக் கன்றுகளை ஏற்றச் சொன்னாள். தொகுரா குறுக்கே நின்றார். கொடுத்த பொருள் சங்கத்துடையது. எடுத்துப்போக வேண்டுமானால் தீர்மானம் வேண்டும்.

"தீர்மானம் வர்றப்ப வரட்டும். அதுவரைக்கும் இதுங்க என் வீட்டு விருந்தாளி," என்று வண்டியைத் தள்ளச் சொன்னாள்.

காய்ந்து இறுகிய மண் மேலிருந்து ஊற்றும் தண்ணீரைக் குடிக்காது. ஓரமாக வழிந்து ஓடிவிடும். அதனால் குளியல் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, ஒவ்வொரு கன்றுத் தொட்டியையும் குமிழி வருவது நிற்கும்வரை முழுக்கிவைத்தாள். பிறகு வீட்டின் வடக்குப் பக்கத்தில் நாணல் தட்டியின் நிழலில் வரிசையாக வைத்தாள். வேரைத் தொடவில்லை; அது வசந்தத்தில், மொட்டு விரிவதற்குமுன் செய்யும் வேலை. உரம் போடவில்லை. காய்ந்த கிளையையும் அவசரப்பட்டு வெட்டவில்லை. எது செத்தது, எது சோம்பிக் கிடக்கிறது என்று மரமே காட்டட்டும் என்று விட்டுவிட்டாள். மூன்றாம் வாரத்தில் குண்டூசித் தலை அளவுக்குச் சிவப்பாகத் துளிர் வந்தது. அவளுக்கு அதுவும் ஒரு கவலை. நேரம் கெட்ட நேரத்தில் வந்த துளிர், முற்றுவதற்குள் உறைபனி வந்துவிடும்.

உறைபனிக்கு முன் தீர்மானம் வந்தது. செப்டம்பர் கூட்டத்தில், "பொறுப்பு ஒருத்தர் தலையிலேயே விழக் கூடாது," என்றார் தொகுரா. எல்லோரும் தலையாட்டினார்கள். பொறுப்பு தங்கள் தலையில் விழாதவரை யாரும் தலையாட்டுவார்கள். கினுயோ எட்டு, தலைவர் எட்டு என்று பிரித்தார்கள். மிஞ்சிய ஒன்றை யாரிடம் கொடுப்பது என்று அரை மணி நேரம் பேசினார்கள். கடைசியில் அது 'எல்லோருடைய மரம்' என்று முடிவாகி, அப்படியே ஒரு அட்டையில் எழுதிக் கழுத்தில் தொங்கவிட்டுச் சங்கக் கட்டட வாசலில் வைத்தார்கள். அன்றிலிருந்து அதைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை.

கினுயோ ஒரு தாளில் ஏழு குறிப்புகள் எழுதித் தொகுராவிடம் கொடுத்தாள். உரம் வேண்டாம். இலை உதிர்ந்தபிறகு தண்ணீரைக் குறைக்கவும், நிறுத்த வேண்டாம். காற்றுப் படாத இடம் வேண்டும். குளிர் படாத இடம் கூடாது. இந்த மரத்துக்குக் குளிர்காலத் தூக்கம் வேண்டும். எந்தக் காரணம் கொண்டும் வீட்டுக்குள் வைக்க வேண்டாம். இப்படி ஏழு. கூட்டம் முடிந்து கோப்பைகளை எடுக்கும்போது பார்த்தாள். தாள் நான்காக மடிந்து, ஆடுகிற மேஜைக் காலுக்கு அடியில் இருந்தது.

நவம்பரில் இலை உதிர்ந்தது. கினுயோ தன் எட்டையும் வீட்டின் பக்கச் சுவரோரம், கூரைப்பனி சரிந்து விழாத பக்கமாகத் தேர்ந்து, தொட்டியோடு மண்ணில் கழுத்துவரை புதைத்தாள். மேலே நெல் உமி போட்டாள். கிளைகளை வைக்கோல் கயிற்றால் தளர்வாகக் கூட்டிக் கட்டி, மூன்று மூங்கில் நட்டு அதோடு சேர்த்தாள். பனி அமுங்கும்போது கிளையைப் பிடித்துக் கீழே இழுக்கும், அதற்காக. பனிக்கு அடியில் வயல் எலி வந்து பட்டையைக் கடிக்கும் என்பதால் தண்டைச் சுற்றிக் கம்பிவலை கட்டினாள். ஏழுக்கு வலை இருந்தது, எட்டாவதற்குப் போதவில்லை. ஒன்றுதானே, சுவரை ஒட்டித்தானே இருக்கிறது என்று அதற்குப் பழைய துணியைச் சுற்றிவிட்டாள்.

டிசம்பர் நடுவில் பனி கொட்ட ஆரம்பித்தது. புத்தாண்டுக்குள் மூங்கில் முனைகூடத் தெரியவில்லை.

தொகுரா தன் எட்டையும் கண்ணாடிக் கதவு போட்ட நடைக்குள் கொண்டுவந்து, பக்கத்தில் மண்ணெண்ணெய் ஹீட்டரை வைத்தார். தொட்டிகளைச் சுற்றிக் கம்பளி போர்த்தினார். குப்பை போடும் இடத்தில் அவர் மனைவி மிசாவோ இதைக் கினுயோவிடம் சொன்னாள்.

"விடியறதுக்குள்ள ரெண்டு தடவை எந்திரிச்சு ஹீட்டரைப் பாக்கறாரு. போன வருஷம் எனக்கு நிமோனியா வந்தப்ப ஒரு தடவை எந்திரிக்கல."

"நீ தொட்டியில இருந்திருக்கணும்," என்றாள் கினுயோ.

ஜனவரி இருபத்து நான்காம் தேதி சுற்றுப் பலகை வந்தது. சங்கத்தின் அறிவிப்பைக் கிளிப் போட்டு வீடு வீடாக அனுப்பும் அட்டை அது. படித்த வீடு கையெழுத்துக்குப் பதில் தன் பெயர் முத்திரையைக் கட்டத்தில் குத்திவிட்டு அடுத்த வீட்டில் கொடுக்கவேண்டும். இந்தத் தடவை அறிவிப்போடு ஒரு புகைப்படம். தொகுரா வீட்டு நடையில் எட்டுக் கன்றும் தளதளவென்று இலைவிட்டு நின்றன. கீழே அவர் கையெழுத்தில்: 'ஊருக்கு முன்பே தலைவர் இல்லத்தில் வசந்தம். கயேதேக் கன்றுகள் எட்டும் நலம்.' பதினான்கு வீடுகள் வரிசையாக முத்திரை குத்தியிருந்தன. ஒருவர் 'அற்புதம்' என்று பென்சிலால் வேறு எழுதியிருந்தார்.

கினுயோ அந்த இலைகளைப் பார்த்தாள். வெளிறிய, நீண்ட காம்புள்ள, கண்ணாடி போன்ற இலைகள். ஜனவரியில் எழுப்பிவிடப்பட்டவை. தூங்க வேண்டிய பிள்ளையை எழுப்பிச் சட்டை போட்டுப் படம் எடுத்த மாதிரி. அவள் தன் முத்திரையை மையில் ஒற்றி, தலைகீழாகத் திருப்பிக் குத்தினாள். அந்த ஊரில் வாய் திறக்காமல் ஒருவரை மறுக்க அதைவிட மரியாதையான வழி இல்லை. அதைவிட மரியாதை கெட்ட வழியும் இல்லை.

இரண்டு நாள் கழித்துத் தொகுரா வழியில் நிறுத்தினார்.

"உங்க முத்திரை கை தவறித் தலைகீழா விழுந்திடுச்சு போல."

"கை தவறல."

பிப்ரவரிக் கூட்டத்தில் அதற்குப் பதில் வந்தது. கினுயோ வசம் உள்ள எட்டும் இரண்டரை மீட்டர் பனிக்கு அடியில் இருப்பதால் அவற்றை இழந்தவையாகக் கருதலாம். ஏப்ரல் இருபத்தொன்பதாம் தேதி விழாவில் தலைவரின் எட்டை நட்டுவிட்டு, மீதி இடத்தில் செர்ரி வாங்கி நடலாம் என்று குறிப்பேட்டில் ஏறியது. கினுயோ எதிர்த்துப் பேசவில்லை. பேச அவளிடம் என்ன இருந்தது? வெள்ளையாக ஒரு மேடு இருந்தது. அதற்கடியில் என்ன நடக்கிறது என்று அவளுக்கும் தெரியாது. பனிக்குள் குளிர் ஓரளவுக்கு மேல் இறங்காது என்று தெரியும். எலி எத்தனை வந்தது என்று தெரியாது. தினமும் காலையில் வாசல் பனியை ஒதுக்கும் சாக்கில் அந்த மேட்டருகே போய் நின்றுவிட்டு வந்தாள். எட்டும் போயிருந்தால், அந்தத் தபால் நிலைய மரம் என்று ஒன்று இருந்ததாகச் சொல்லக்கூட ஓர் இலை இருக்காது. இதை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை.

அதே மாதக் கடைசியில் தொகுராவின் இலைகளில் பிசுபிசுவென்று பூச்சி பிடித்தது. அவர் ஹீட்டரை இன்னும் பக்கத்தில் நகர்த்தினார். மார்ச் மூன்றாம் தேதி இலைகள் கொத்தாக உதிர்ந்தன. "ஓய்வெடுக்குது," என்றார் மிசாவோவிடம். இருபதாம் தேதி அவள் ஒரு கிளையை வளைத்துப் பார்த்தாள். தீக்குச்சி போல ஒடிந்தது. எட்டும் போய்விட்டது என்று குப்பை போடும் இடத்தில் கினுயோவிடம் சொன்னாள். இந்தத் தடவை சுற்றுப் பலகையில் புகைப்படம் எதுவும் வரவில்லை.

ஏப்ரல் ஆறாம் தேதி பனி மேடு உட்கார்ந்து, மூங்கில் முனைகள் தெரிந்தன. கினுயோ மண்வாரியைத் தொடவில்லை, கையால் விலக்கினாள். முதல் கன்றின் மொட்டுகள் சிவப்பாக, இறுக்கமாக, ஜோடி ஜோடியாக இருந்தன. இரண்டாவதும் அப்படியே. ஏழுவரை அப்படியே. எட்டாவதில் துணி கிழிந்து கிடந்தது. தண்டைச் சுற்றி ஒரு சாண் உயரத்துக்குப் பட்டை இல்லை. வெள்ளை மரத்தில் எலிப்பல்லின் தடம் வரிவரியாகத் தெரிந்தது.

"ஒண்ணுதானேன்னு சொன்னியே," என்று தனக்கே உரக்கச் சொல்லிக்கொண்டாள். "அவராவது தெரியாம கொன்னாரு. நீ தெரிஞ்சே கொன்ன."

அன்று மத்தியானமே சங்கக் கட்டடத்துக்குப் போனாள். கூரையிலிருந்து சரிந்த பனி வாசலில் குவிந்திருந்தது. அதைக் கிளறியதில் 'எல்லோருடைய மரம்' என்ற அட்டை முதலில் வந்தது. பிறகு மரம் வந்தது. முழங்கால் உயரத்தில் முறிந்து, மேல்பாதி தோலில் தொங்கியது. ஆனால் முறிவுக்குக் கீழே எதிரெதிராக இரண்டு மொட்டுகள் இருந்தன. நகத்தால் கீறாமலே தெரிந்தது. கவனித்தவர் கொன்றது எட்டு. யாருமே கவனிக்காமல் விட்டது பிழைத்துக்கொண்டது. சங்கத்துக்கு இதைவிட நல்ல சான்றிதழ் யாராலும் எழுதித்தர முடியாது என்று நினைத்துக்கொண்டே அவள் முறிந்த பாதியை வெட்டிவிட்டு அதைத் தன் வீட்டுக்கு எடுத்துப்போனாள். வேரைப் பிரித்து, தன் ஏழோடு அதையும் சேர்த்து எட்டையும் புது மண்ணில் மாற்றிவைத்தாள்.

விழாவுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது தொகுராவும் ஹொசாக்காவும் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். ஹொசாக்கா கையில் பலகாரப் பெட்டி இருந்தது. அவள் பெட்டியை வாங்கிக்கொண்டாள், உள்ளே கூப்பிடவில்லை.

"பேர்ப்பலகை தயார்," என்றார் தொகுரா. "சுமுகமா முடிச்சாச்சு. ஏறிப்போறப்ப பாத்தா மொமிஜிச் சாலை. இறங்கி வர்றப்ப பாத்தா கயேதேச் சாலை."

"ஒரு வருஷம் யோசிச்சு, பலகைக்கு ரெண்டு பக்கம் இருக்குன்னு கண்டுபிடிச்சீங்களாக்கும்."

ஹொசாக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு இருமினார். தொகுரா தொண்டையைச் சரிசெய்தார்.

"விஷயம் என்னன்னா... விழாவுக்கு எட்டு மரம் வேணும். என்னோடது குளிர் தாங்கல."

"எந்தக் குளிரு வாத்தியாரே? ஹீட்டர் பக்கத்துல அடிக்குமே, அந்தக் குளிரா?"

தொகுரா அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தார். சுவரோரம் எட்டுக் கன்றுகள். மொட்டு வெடித்து, கசங்கிய பட்டுத்துணி போல இலை வெளியே வந்துகொண்டிருந்தது. அவர் உதடு தன்னால் அசைந்தது. ஏழு விரலை எண்ணுகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது.

"எண்ணி முடிச்சாச்சா? இலையைப் பறிக்காமலே எண்ண முடியுது பாருங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். ஒரு தாளோடு வந்தாள்.

கோடு போட்டு எழுதிய அட்டவணை அது. மே முதல் செப்டம்பர் வரை, நாளுக்கு ஒரு வீடு, மரத்துக்கு ஒரு வாளி, சூரியன் இறங்கியபிறகு. ஊரில் இருக்கும் இருபத்துமூன்று வீடும் வரிசைப்படி இருந்தது. ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் முத்திரைக்கு ஒரு கட்டம்.

"இருபத்துமூணு முத்திரையும் விழுந்து வந்தா, எட்டு மரமும் வரும். ஒண்ணு குறைஞ்சாலும் உங்க ரெண்டுபக்கப் பலகையை வெறும் சரிவுல நட்டுத் திரை விலக்கிக்குங்க."

"இதுக்குச் சங்கத்துல ஒரு தீர்மானம்..."

"போடுங்க. ஆனா ஒரே கூட்டம். ரெண்டாவது கூட்டம்னா மரம் கிடையாது."

ஹொசாக்கா சட்டைப் பையிலிருந்து முத்திரையை எடுத்து, வாசல் கதவிலேயே தாளை வைத்துத் தன் கட்டத்தில் குத்திவிட்டார். "அக்கா, எனக்கு வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், அன்னிக்குப் பயறு வேக வைக்கணும்."

"உங்க முதல் முறையே வெள்ளிக்கிழமைதான் போட்டிருக்கேன். பயறை விட்டுட்டு வாங்க."

தாள் சுற்றுப் பலகையில் ஏறி வீடு வீடாகப் போயிற்று. கினுயோ எண்ணிக்கொண்டிருந்தாள். பத்து நாள் ஆயிற்று. இருபத்தேழாம் தேதி சாயங்காலம் மிசாவோ பலகையைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"ஆறு நாளா எங்க வீட்டு மேஜையிலதான் கிடந்தது. இன்னைக்குக் காலையில குத்தினாரு. குத்திட்டு என்கிட்ட பேசவே இல்ல," என்று சொல்லிவிட்டு, போவதற்கு முன் சுவரோரம் இருந்த முறிந்த கன்றைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனாள்.

கினுயோ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கட்டமாகச் சரிபார்த்தாள். இருபத்துமூன்றும் இருந்தன. இருபத்திரண்டு நேராக இருந்தன. தொகுராவுடையது மட்டும், அழுத்தமாக, மை கொஞ்சமும் கசியாமல், தலைகீழாக இருந்தது.

அவள் பலகையையே தலைகீழாகத் திருப்பினாள். இப்போது அவர் பெயர் நேராகத் தெரிந்தது. ஊர் முழுக்கத் தலைகீழாக நின்றது. மறுபடி திருப்பி, அந்தக் கட்டத்துக்கு எதிரே தான் எழுதியிருந்த தேதியைப் பார்த்தாள். மே முதல் தேதி. முதல் வாளி அவருடையது.

கொட்டகைக்குப் போய், எட்டு வாளிகளில் ஓட்டை எதுவும் இல்லையா என்று ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். அப்புறம் கன்றுகளை ஏற்றக் கைவண்டி கேட்டு ஹொசாக்காவுக்கு ஃபோன் செய்தாள்.